தனிக் கொட்டகைக்கு ஆள் எடுத்த கதை

புதிதாக வேலையில் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற என்னையும் அதில் சேர்த்து, பணி அனுபவங்களை எழுதுங்கள் மேடம், எங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் என்று கேட்டீர்கள். இத்தனை நாள் நீங்கள் போடும் குட்மார்னிங் படங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன். வழிகாட்டுவதற்காக அல்ல, கோபம் வந்திருக்கிறது, அதற்காக. என்ன கோபம் என்பது கடைசியில் வரும். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். இந்தக் கதையில் நடந்த கெடுதல் எல்லாமே பாதியில் நிறுத்தியதால் வந்தவைதான்.

தெலுங்கில் எழுதினால் மாவட்டம் முழுக்கப் படிப்பார்களே என்று வீட்டில் சொன்னார்கள். மாவட்டம் படிக்க வேண்டாம். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று ஆந்திர எல்லையில் தமிழ் பேசும் ஊர்களிலிருந்து வந்த நீங்கள் படித்தால் போதும். ஊசி போடுவதும் சினை பார்ப்பதும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. எனக்கு ஓய்வு நாளில் சால்வை போர்த்தி, என் சேவையைப் பற்றி ஆளாளுக்கு உருகினார்கள். உருகியவர்களில் பாதிப் பேர் நான் சொன்ன எதையும் ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்தச் சால்வை இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது. உங்களுக்கும் ஒன்று வரும், அவசரப்படாதீர்கள்.

கொரோனா அடங்கிய பிறகு நடந்தது இது. எனக்கு அப்போது சந்திரகிரி பக்கம் வேலை. அங்கே ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய கோசாலை என் எல்லைக்குள் வந்தது. திருமலைக்கு நேர்ந்துகொண்டவர்கள் சிலர் வழியில் அங்கே பசுவைக் கொண்டுவந்து தானம் விடுவார்கள். பசுவுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கொம்பில் சாமந்திச் சரம் சுற்றி வண்டியிலிருந்து இறக்குவார்கள். குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பசுவை ஏன் விடுகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் பாவமாம்.

நான் கேட்பேன். அதனாலேயே அந்த இடத்தில் என்னைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். மனம் நிறைந்து நல்ல பசுவைக் கொடுப்பவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சித்தூர் பக்கத்துப் பால் பண்ணைக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்ட கலப்பினப் பசுவைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. நல்ல வயசு, நல்ல மடி, பளபளவென்று தோல். வண்டி ஓட்டிவந்தவரை டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். பண்ணையில் இரண்டு முறை கன்று வீசிய, அதாவது மாதம் நிறையாமல் சினை கலைந்த பசு அது. சந்தையில் விற்றால் வாங்கியவன் திரும்பிவந்து சட்டையைப் பிடிப்பான். கசாப்புக்கு அனுப்ப முடியாது. சாமிக்கு விட்டால் சண்டை போட யாருமில்லை. புண்ணியமும் ஆயிற்று, தொல்லையும் ஒழிந்தது.

இந்தப் பசுவைத் தனியாகக் கட்டுங்கள், ரத்தம் பார்க்கும்வரை மற்ற மாடுகளோடு சேர்க்காதீர்கள் என்றேன். கோசாலையின் மேனேஜர் புத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான், மாடுகள் பட்டினி கிடக்க விடமாட்டார். ஆனால் தானமாக வந்த கோமாதாவை ஒதுக்கிக் கட்டினால் கொடுத்தவர் மனசு என்ன பாடுபடும் என்று என்னிடம் கேட்டார். கொடுத்தவர் மனசு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லிப் பயனில்லை.

அது சினையாகத்தான் வந்திருந்தது. ஏழாம் மாதத்தில் மூன்றாவது கன்றையும் வீசியது. எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, முனிரத்தினம் முழங்கைவரை கையை உள்ளே விட்டு, விழாமல் நின்ற நஞ்சுக்கொடியைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். இந்த முனிரத்தினத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. பாலசமுத்திரத்துக்காரர். மழை பொய்த்து, போர்வெல்லும் வற்றி, வேர்க்கடலை போட்ட நிலத்தைச் சும்மா விட்டுவிட்டு, மனைவி தேசம்மாவோடு கோசாலையின் பின்பக்க அறையில் குடிவந்தவர். மாட்டுக்குப் பக்கத்தில் போனால் அவர் குரலே மாறிவிடும். என்னைத் தினம் கிண்டல் செய்யாமல் இருக்கமாட்டார்.

"கையுறை எங்கே முனிரத்தினம்?"

"மாட்டிகினா வழுக்குது டாக்டரம்மா, பிடி கெடைக்கமாட்டேங்குது."

"பொய் சொல்லாதே. நான் கொடுத்த பெட்டி என்ன ஆச்சு?"

"அது மேனேஜர் ரூம்ல பூட்டிக் கீது. கேட்டா, கோமாதாவைத் தொடறதுக்கு உறை இன்னாத்துக்குடா, தீட்டான்றாரு. நான் இன்னா பண்ணட்டும்? கொடி உள்ளயே நின்னா மாடு பூடும்ல?"

அவர் விரல் இடுக்கில் வைக்கோல் கீறிய புண்கள் இருந்தன. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கழுவினார். கழுவிக்கொண்டே, இந்தக் கையை இனிமேல் தேசம்மாகூடத் தொடமாட்டாள் போலிருக்கிறது என்று சிரித்தார்.

பசுவின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தேன். உங்களுக்குத் தெரிந்த சோதனைதான். வெள்ளைத் தட்டில் ரத்தத் தெளிவு ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு மருந்து ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து ஆட்டினால், நோய் இல்லாவிட்டால் அப்படியே இருக்கும், இருந்தால் பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகப் பிரியும். நன்றாகவே திரிந்தது. மேனேஜரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கன்று வீச்சு நோய், புரூசெல்லா என்ற கிருமி, அதற்கு எதிரான ஆன்டிபாடி இந்தப் பசுவின் ரத்தத்தில் நிறைய இருக்கிறது என்றேன்.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆன்டிபாடி இருக்குதா மேடம்? மஞ்சிதே கதா, நல்லதுதானே! கொரோனா டைம்ல நாங்கல்லாம் லேபுக்குப் போய் செக் பண்ணிக்கினோம். எனக்கு ஏகப்பட்டது இருந்துச்சு, லேப்காரரே கைகுடுத்தாரு. இந்தத் தாய்க்கும் இருக்குதுன்னா இனிமே இதுக்கு ஒண்ணும் ஆவாது."

சிரிக்காதீர்கள். அந்த மனிதர் முட்டாள் இல்லை. ஊர் முழுக்க இரண்டு வருஷம் அந்த ஒரு வார்த்தையைத்தான் கற்றுக்கொடுத்தோம். டிவியில், போனில், பஸ் ஸ்டாண்டில் எல்லா இடத்திலும் ஆன்டிபாடி இருந்தால் தைரியமாக இரு என்று சொல்லிவைத்தோம். அது எந்தக் கிருமிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதை எனக்கு வேலையில் சேர்ந்த புதிதில் புரியவைத்தவர் எனக்கு மேலே இருந்த ஓர் அதிகாரி. பெயர் சொல்லமாட்டேன். அவர் சொன்னதையே மேனேஜரிடம் சொன்னேன். திருடன் ஒளிவதற்கு ஊரெல்லாம் இடம் இருக்க, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறான். கிருமியைப் பிடித்து விழுங்கிச் செரிப்பதற்கென்றே உடம்பில் சில அணுக்கள் இருக்கின்றன, அவைதான் ஸ்டேஷன். புரூசெல்லாவையும் அவை விழுங்குகின்றன. ஆனால் அது செரிமானமாகாமல் உள்ளேயே குடியிருந்து குட்டி போடுகிறது. ஆன்டிபாடி என்பது தெருவில் ரோந்து சுற்றுகிறவர்கள். வெளியே திரிகிற கிருமி எதிரே வந்தால் பிடிப்பார்கள். ஸ்டேஷனுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி கிடையாது. டி அணுக்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு, அவர்கள் மேலதிகாரிகள். அவர்கள் வந்து, தூங்குகிற ஸ்டேஷன்காரர்களைத் தட்டி எழுப்பினால்தான் உள்ளே இருப்பதைக் கொல்ல முடியும். சில நேரம் ஸ்டேஷனையே இடித்துத் தள்ளவேண்டிவரும். கன்றுகளுக்கு நாம் செத்த கிருமியைப் போடாமல், வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியையே தடுப்பூசியாகப் போடுவது அந்த மேலதிகாரிகளைப் பழக்குவதற்காகத்தான். ஆகவே தட்டில் ரத்தம் திரிந்தால், திருடன் வந்திருக்கிறான் என்று அர்த்தம். பிடிபட்டான் என்று அர்த்தமில்லை.

"ஐத்தே, அப்போ ஆன்டிபாடி வேஸ்ட்டுன்றீங்களா மேடம்?" என்றார் மேனேஜர்.

"வேஸ்ட் இல்லை சார். வெளியே இருக்கறதுக்கு ஆவும். உள்ளே படுத்துகினதுக்கு ஆவாது."

தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமும் அந்தப் பசு மற்ற சினை மாடுகளோடுதான் நின்றது. அடுத்து இன்னொரு பசு கன்று வீசியது.

கலெக்டர் ஆபீசுக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுதுவதற்கு முன்னால் யோசனை கேட்க, போலீஸ் ஸ்டேஷன் கதையைச் சொன்ன அந்தப் பெரியவரின் வீட்டுக்குத் திருப்பதிக்குப் போனேன். ஒரு காலத்தில் மந்திரியின் மச்சான் பண்ணையையே இழுத்து மூட வைத்தவர். ஓய்வு பெற்று, தினம் ஏகாந்தமாகத் திருமலை அடிவாரத்து அலிபிரிவரை நடந்து வந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விட்டுடும்மா. ரிட்டயர்மென்டு பக்கத்துல வந்துச்சு. பென்ஷன் பேப்பர் கெளம்பற நேரம். கோமாதா விஷயம் இது. நீ வேற மிஷன் சர்ச்சுக் குடும்பம். நீ சொன்னா நோயைப் பத்திப் பேசமாட்டானுங்க, உன்னைப் பத்திப் பேசுவானுங்க."

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. எனக்குத் தைரியத்தைச் சொல்லிக் கொடுத்த வாயாலேயே இதையும் கேட்கவேண்டியிருந்தது. காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். எழுதவும் செய்தேன். பதிலுக்கு அறக்கட்டளைப் பெரியவர் ஒருவர் எங்கள் ஆபீசுக்கே வந்து, பசுவைப் பிடிக்காதவர்களைக் கோசாலைக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். முப்பது சொச்சம் வருஷம் மாட்டுச் சாணியில் நின்ற எனக்குப் பசுவைப் பிடிக்காதாம்.

அந்தச் சமயத்தில்தான் தேசம்மா என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாட்டு ஆஸ்பத்திரிக்கு.

"அவருக்கு ஒடம்பு செரியில்லம்மா. பொழுது சாஞ்சா கொதிக்குது. வேர்த்து ஊத்தி, போத்திக்கினது எல்லாம் நனைஞ்சு பூடுது. காத்தால எழுந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி வேலைக்குப் போறாரு. சோறு துன்றதில்ல, இடுப்பு வலிக்குதுன்றாரு. ஆர்எம்பி டாக்டரு டைபாய்டுன்னு ஊசி போட்டாரு. நாலு நாளு நிக்குது, மறுக்கா வருது. மேனேஜரு இன்னாடான்னா, சாயங்காலம் ஆனா சுருண்டுக்கிறான், குடிக்கிறான்றாரு. என் புருஷன் சாராய வாசனையே ஆவாதவரும்மா."

எனக்குக் கேட்டவுடன் விளங்கிவிட்டது. நஞ்சுக்கொடியிலிருந்து, கையிலிருந்த புண் வழியாக அந்தக் கிருமி அவருக்கும் ஏறியிருக்கிறது. மறுநாளே முனிரத்தினத்தைத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஓர் இளம் டாக்டர், மாட்டு டாக்டர் வந்து மனிதனுக்கு நோய் சொல்கிறாளே என்று இளக்காரம் செய்யாமல் கேட்டுக்கொண்டார். சோதித்தார். புரூசெல்லாதான். ஆறு வாரம் இரண்டு வகை மாத்திரை, நடுவில் நிறுத்தவே கூடாது என்று தெளிவாகச் சொன்னார். பிறகு, "உங்க ரத்தத்துல இந்தக் கிருமிக்கு ஆன்டிபாடி நிறைய இருக்கு, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்" என்றார். முனிரத்தினத்தின் முகம் தெளிந்தது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்ட நிம்மதி என்று நான் நினைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் விட்டது. இடுப்பு வலி குறைந்தது, பசி எடுத்தது. இங்கேதான் நம் தொழிலில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். காய்ச்சல் விட்டால் கிருமி போய்விட்டது என்று நினைக்கிறோம். வெளியே திரிந்ததுதான் போயிருக்கும். ஸ்டேஷனுக்குள் படுத்திருப்பதை மாத்திரை தேடிப் போய்ப் பிடிக்க நாள் ஆகும், அதற்குத்தான் அந்த ஆறு வாரம். முனிரத்தினத்துக்கு மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சிறுநீர் குங்குமக் கலரில் போனதைப் பார்த்து, ரத்தம் வெளியேறுகிறது என்று பயந்தார். மாத்திரையின் நிறம்தான் அது என்று சொல்லியிருந்தேன். பயம் சொல்லுக்கு அடங்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் மேலும் மாடுகள் கன்று வீசவே, மேனேஜர் பயந்துபோய் நான் கேட்ட தனிக் கொட்டகையைக் கட்டிவிட்டார். உண்மையிலேயே நல்ல கொட்டகை. சுற்றிலும் வேலி, சுண்ணாம்பு, தனித் தொட்டி, தனி வாளி. தட்டில் திரிந்த மாடுகளையெல்லாம் அங்கே மாற்றினார். என் பேச்சு ஒன்றாவது எடுபட்டதே என்று சந்தோஷத்தோடு பார்க்கப் போனேன். உள்ளே கையைக் கழுவிக்கொண்டு நின்றவர் முனிரத்தினம்.

"இங்க நான்தான் இன்சார்ஜ் டாக்டரம்மா" என்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தார்.

"யார் உன்னை இங்கே போட்டது? மாத்திரை துன்னுகினு இருக்கியா இல்லையா?"

"அது எதுக்கு இனிமே? எனக்குத்தான் ஒருவாட்டி வந்துட்டுப் போயிடுச்சே. பெரிய டாக்டரே சொன்னாரு, ஆன்டிபாடி நெறைய கீதுன்னு. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க? அம்மா வந்து எறங்கின ஒடம்புல மறுக்கா அம்மா வர்றாளா? இதுவும் அந்த மாதிரிதான். வேற ஒருத்தனை இங்க போட்டா பாவம், அவனுக்கு வரும். எனக்கு வராது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அந்த மனிதர் மற்றவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அங்கே போய் நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்மை வேறு, இது வேறு என்றேன். உன் உடம்புக்குள் அது இன்னும் படுத்திருக்கிறது என்றேன். சிரித்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கல்லு மாதிரி இருக்கேன், உள்ளே படுத்துகினு இன்னா பண்ணுது, தூங்குதா என்றார். தூங்கத்தான் செய்தது.

மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியது அபூர்வம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையைக் கூப்பினார்.

"மேடம், தனியா வைன்னு சொன்னது நீங்க. வெச்சோம். முனிரத்தினத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்னு போனது நீங்க. அவனுக்கு ஆன்டிபாடி கீதுன்னு தெரிஞ்சது உங்களால. எல்லாத்தையும் உங்க பேச்சைக் கேட்டுத்தான் செஞ்சிகினு இருக்கோம். இன்னும் இன்னா தப்பு?"

என்னுடைய ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, வரிசையாக அடுக்கி, முனிரத்தினத்தைக் கொல்ல ஒரு வழி செய்து வைத்திருந்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல். நான் கையுறைப் பெட்டிகளை வாங்கிப்போய் முனிரத்தினத்திடமே கொடுத்தேன். மாத்திரையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி தேசம்மாவிடம் கெஞ்சினேன். ஆரம்பித்ததாகச் சொன்னார்கள். பிறகு எனக்கு ஓய்வு வந்தது, சால்வை வந்தது. சித்தூரில் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து அழைப்பு வந்தது. நான் போனபோது அதே திருப்பதி ஆஸ்பத்திரியில் முனிரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கிருமி இந்த முறை இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்திருந்தது. அதே இளம் டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். முனிரத்தினம் என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்யப் பார்த்தார், மூச்சு பத்தவில்லை. அடுத்த நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தேசம்மா அழாமல் நின்றுகொண்டு கேட்டார்.

"வந்துட்டுப் போனது மறுக்கா எப்டிம்மா வந்துச்சு?"

"அது போவவே இல்லை தேசம்மா. உள்ளயேதான் இருந்துச்சு."

"அப்போ அந்த ஆன்டிபாடி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

"வெளியே நின்னுகினு இருந்துச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன். அலிபிரிப் பக்கம் போகிற பஸ்களில் மொட்டை போடப் போகிறவர்கள் கோவிந்தா கோவிந்தா என்று உற்சாகமாகக் கத்திக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் பாவம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். தோற்றுப்போன கதைகள் என்னிடம் நிறைய உண்டு, ஒவ்வொன்றையும் எழுதி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை.

போன வாரம் தேசம்மா போன் செய்தார். புருஷன் போன பிறகு கோசாலையில் அவருக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்து, பின்பக்க அறையிலேயே இருக்க விட்டிருந்தார்கள். மகள் திருப்பதியில் படிக்கிறாள். அறை போனால் இருவருக்கும் போக்கிடமில்லை. குரலில் பல நாளாக நான் கேட்காத தெம்பு இருந்தது.

"டாக்டரம்மா, நல்ல சேதி. என்னை பர்மனென்ட் பண்ணிட்டாங்கோ."

"ரொம்ப சந்தோஷம் தேசம்மா. என்ன வேலை?"

"அவரு பாத்த வேலைதான். தனிக் கொட்டகைக்கு ஆள் வேணும்னு எங்க எல்லார் ரத்தத்தையும் எடுத்து டெஸ்ட் பண்ணாங்கோ. யாருக்கு ஆன்டிபாடி கீதுன்னு பாக்க. எனக்குத்தான் இருந்துச்சாம், வேற யாருக்கும் இல்லையாம். மேனேஜரு உடனே எழுதிக் குடுத்துட்டாரு."

முனிரத்தினம் காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் ஒரு சொம்பு வீட்டுக்கு எடுத்துப்போவார், அவர்கள் இருவரும் அப்படியே குடிப்பார்கள். எனக்கு அது நினைவுக்கு வந்தது. காய்ச்சாத பால் வழியாகவும் இந்தக் கிருமி ஏறும்.

"தேசம்மா, உங்க வீட்டுக்காரருக்கும் அதுதானே இருந்துச்சு? நான் ஆஸ்பத்திரில சொன்னது மறந்துடுச்சா?"

"மறக்கலம்மா. மேனேஜருகிட்ட நானே கேட்டேன். அவருக்குக் காய்ச்ச வந்து ஆன்டிபாடி வந்துச்சு, உனக்குக் காய்ச்சலே இல்லாம வந்துகீது, உன் ஒடம்பு கெட்டின்னாரு. உங்க எடத்துக்கு வந்த சின்ன டாக்டரும் பக்கத்துலதான் நின்னாரு, ஒண்ணும் சொல்லல. தப்பா இருந்தா சொல்லியிருப்பாரு இல்ல? நீங்க சொன்னது அந்தக் காலத்துப் படிப்பும்மா. அவரு புதுசா படிச்சு வந்தவரு."

அந்தச் சின்ன டாக்டர் இந்தக் குழுவில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். மரியாதையாகப் பேசினார். மேனேஜர் கேட்டுக்கொண்டதால் மாட்டு ரத்தம் சோதிக்கும் அந்த இளஞ்சிவப்பு மருந்தை வைத்தே தட்டில் பார்த்தாராம். "நான் பாசிடிவ், ஆன்டிபாடி இருக்குன்னு மட்டும்தான் மேடம் சொன்னேன். பொய் எதுவும் சொல்லலையே" என்றார்.

இல்லை. பொய் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, திருப்பதி டாக்டரும் சொல்லவில்லை. முனிரத்தினம் செத்தது முழுக்க முழுக்க உண்மையான வார்த்தைகளால்தான்.

பெயர் எழுதவில்லை சின்ன டாக்டரே, பயப்படாதீர்கள். உங்களை அசிங்கப்படுத்தி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தேசம்மாவுக்கு நோய் உள்ளே இருக்கிறதா, வந்து அடங்கிவிட்டதா என்று அந்தத் தட்டு சொல்லாது. அவரைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் முழுதாகச் சோதிக்கவேண்டும். அதுவரை அந்தக் கொட்டகைப் பக்கம் போகவிடக் கூடாது. வேலையையும் அறையையும் அதற்காகப் பிடுங்கக் கூடாது என்று மேனேஜரிடம் பேசவேண்டும். இதையெல்லாம் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் படிப்பு பழசாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நீங்கள் பாதி சொன்னதற்கே ஒருவரைக் கொட்டகைக்குள் அனுப்பினார்கள், மீதியையும் சொன்னால் வெளியே விடாமலா போவார்கள்?

கையுறைப் பெட்டிகள் வாங்கி வைத்திருக்கிறேன். சித்தூரில் என் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மேனேஜரிடம் கொடுக்காதீர்கள், பூட்டி வைத்துவிடுவார். தனிக் கொட்டகையில் ஒரு பசுவுக்கு மடி இறங்கியிருக்கிறது, இந்த வாரம் ஈன்றுவிடும் என்று தேசம்மா சந்தோஷமாகச் சொன்னார். அதற்குள் போய்ச் சேருங்கள்.